ஆளில்லாத வீட்டில் அனுமதி கேட்பவர்

காவிரி பாயும் இந்தச் சீமையில், காலி வீட்டு வாசலில் நின்று அனுமதி கேட்ட ஒரே மனிதர் எங்கள் 'வீட்ல யாருங்க' சார்தான். மயிலாடுதுறை உரக்கடை ஒன்றில் எனக்கும் அவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேஜை. பெற்றவர்கள் வைத்த பெயரும் அவருக்கு இருந்தது. சம்பளம் கொடுக்கிற முதலாளிக்கே அது மறந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் கறி எடுக்கப் போவார்கள். இவர் பாழடைந்த இடம் தேடிப் போவார். கூரை விழுந்த சத்திரம், வௌவால் குடியிருக்கும் மிராசுதார் பங்களா, மூடிப்போன ரைஸ் மில், எதையும் விடமாட்டார். துணைக்கு நான். எனக்குப் பாம்பு என்றால் உயிரே போய்விடும். ஆனால் வீட்டில் இருந்தால் மனைவி ஒட்டடை அடிக்கச் சொல்வாள்.

வாசலில் செருப்பைக் கழற்றுவார். "வீட்ல யாருங்க?" என்று குரல் கொடுப்பார். பதில் வராது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வேணாம்னு யாரும் சொல்லலையே, வாங்க சார்" என்று உள்ளே நுழைவார். கண்ணாடிச் சில்லும் கருவேல முள்ளும் கிடக்கும் தரையில் வெறுங்காலோடு நடப்பார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருக்கும். கேட்டால், "அடுத்தவங்க வீட்டுக்கு வெறுங்கையோடயா போவாங்க?" என்று நமக்கே பாடம் நடக்கும். கீழ்வேளூர் பக்கம் ஒரு பங்களாவில் நாய் ஒற்றைச் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடிவிட, மீதி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார்.

ஒரே ஒரு தடவை பதில் வந்தது. ரைஸ் மில் இருட்டுக்குள்ளிருந்து, "யாரு? உள்ள வாங்க!" நான் பஸ் ஸ்டாப்பில் போய்த்தான் நின்றேன். தைரியம் வந்து திரும்பிப் போய்ப் பார்த்தால், உள்ளே படுத்திருந்த ஆட்டுக்காரர் முன்னால் இவர் கைகூப்பி நிற்கிறார்.

"மன்னிச்சுக்குங்க. யாரும் இருக்க மாட்டீங்கன்னு நெனச்சு வந்துட்டேன்."

"அதனால என்னங்க, இருந்து போங்க" என்று ஆட்டுக்காரர் பழத்தை உரித்தார்.

திரும்பும் வழியெல்லாம் சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கேட்டீங்களா சார்? வாங்கன்னாரு!"

அந்தச் சந்தோஷம் ஏன் என்று எனக்குத் தெரியும். அவர் நுழையாத பாழ்வீடு ஒன்று இருந்தது. பூம்புகாருக்குத் தெற்கே, கடலோரத்தில், அவருடைய சொந்த வீடு. சுனாமி வந்த காலையில் அவர் மயிலாடுதுறைக்கு வந்திருந்தார். மனைவியும் மகளும் வீட்டில் இருந்தார்கள். அடக்கம் முடிந்து, மிஞ்சிய சனம் கடலைவிட்டு உள்ளே தள்ளிக் கட்டிய காலனிக்குப் போய்விட்டது. ஊர் காலியாகவே கிடந்தது. இவர் வாசல்வரை போய்ப் போய்த் திரும்பியிருக்கிறார்.

போன வருஷம், மிச்ச வீடுகளை இடிக்கப் போவதாகச் சேதி வந்தது. "கூட வரீங்களா சார்?" என்றார். அன்று வாழைப்பழம் வாங்கவில்லை. மல்லிகைப் பூவும் ஒரு பால் பிஸ்கட் பாக்கெட்டும் வாங்கினார். பூ வாடக் கூடாதென்று பஸ்ஸில் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தார்.

ஜேசிபி அப்போதுதான் பக்கத்து வீட்டை முடித்திருந்தது. "சீக்கிரம் பாத்துட்டு வாங்க, அடுத்தது இதுதான்" என்றார் டிரைவர். சார் செருப்பைக் கழற்றினார்.

"வீட்ல யாருங்க?"

பதில் இல்லை. வேணாம்னு யாரும் சொல்லலையே என்று அன்று அவர் சொல்லவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார்.

எனக்குத் தாங்கவில்லை. பின்பக்கம் சுற்றி, இடிந்த அடுப்படிச் சுவரைத் தாண்டி உள்ளே போனேன். முழங்கால் அளவு கடல்மணல். பாம்பு ஞாபகமே வரவில்லை. வாசலில் மறுபடி அவர் குரல் கேட்டது.

"உள்ள வாங்க" என்றேன்.

என் குரல் அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் வந்தார். பூவைச் சுவர் ஆணியில் மாட்டினார். பிஸ்கட்டை ஜன்னலில் வைத்தார். மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். ஜேசிபி டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். அழுது ஓய்ந்தபின், வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குங்களா?" என்று கேட்டார்.

பையிலிருந்த பாட்டிலை எடுத்து நீட்டினேன். என் வீட்டுக்கு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். நான் மனசார 'வாங்க' என்று சொன்னது அவர் ஒருத்தரைத்தான்.