ரிப்பன் அக்காவும் அறுபது முட்டைக்கோசும்

சேர்வராயன் மலையில் மூடுபனி குழப்பிய ஆட்களை விட, ரிப்பன் அக்கா குழப்பிய ஆட்கள் அதிகம். பனியாவது பத்து மணிக்கு விலகிவிடும். அக்கா விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் மதியம் வரைக்கும் விலகாது.

கொட்டச்சேட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தேன். குடியிருந்தது அக்கா வீட்டு முன்னறையில். பின்னால் முக்கால் ஏக்கர் தோட்டம். பீன்ஸ், பீட்ரூட், முட்டைக்கோஸ். எல்லாம் ஒரே நாளில் விளைந்து மூச்சு முட்டக்கூடாது என்று பத்து நாளைக்கு ஒரு பாத்தியாக விதைப்பார். எது எப்போது பறிப்பது என்று தெரிய, செடிக்குச் செடி கலர் ரிப்பன். தூரத்திலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பது போல் இருக்கும். பெயர் அப்படி வந்ததுதான்.

ஒருமுறை அர்த்தம் கேட்டு மாட்டிக்கொண்டேன்.

"சிவப்புன்னா இன்னிக்குப் பறிக்கோணுமுங்க. வெளுத்த சிவப்புன்னா நேத்தே பறிச்சிருக்கோணும். ரோஸுன்னா விதைக்கு உடோணும்."

"வெளுத்த சிவப்புக்கும் ரோஸுக்கும் என்னங்கக்கா வித்தியாசம்?"

"ஏனுங்க, கட்டுனவளுக்குத் தெரியாதுங்களா?"

ஆனால் அவர் சொல்வதில் விஷயம் இருக்கும். பீன்ஸை மூன்று நாளைக்கு ஒருதரம் பறித்தே ஆக வேண்டும் என்பார். "காயி முத்திப்போச்சுன்னா, வந்த வேலை முடிஞ்சுதுன்னு செடி உக்காந்துக்குமுங்க. பருவம் முடியற நேரத்துல அதை உக்கார உடக் கூடாது." மற்ற தோட்டங்களில் கொடி காய்ந்துபோன பிறகும் அவர் பீன்ஸ் பூத்துக்கொண்டிருந்தது.

போன கார்த்திகைக் கடைசியில்தான் அந்தச் சம்பவம். கிளியூரில் அக்காவின் சிநேகிதி மகளுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். பந்திக்கு முட்டைக்கோஸ் நம்ம தோட்டத்திலிருந்துதான் என்று அக்கா வாக்குக் கொடுத்திருந்தார். அறுபது கோஸ், அறுபதுக்கும் நீல ரிப்பன். ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து செய்தி வந்தது. அங்கே கட்டிக்கொடுத்த அக்காவின் மகளுக்கு வலி எடுத்துவிட்டது. அக்கா கிடைத்த பஸ்ஸில் மலையிறங்கிப் போய்விட்டார். தோட்டம் அவர் வீட்டுக்காரர் பொறுப்பு. நான் மாமா என்று கூப்பிடும் அந்த மனிதருக்கு முப்பது வருஷக் குடித்தனத்தில் ஒரு ரிப்பனும் புரிந்ததில்லை.

அன்று சாயங்காலமே நல்ல மழை.

எங்கள் ஊரில் செல்போன் சிக்னல் ஒரே ஒரு பாறை மேல்தான் கிடைக்கும். மறுநாள் காலையில் நானும் மாமாவும் ஏறினோம். அக்காவிடமிருந்து நாலு குரல் பதிவுகள், ஒன்றாக வந்து விழுந்தன. எதை முதலில் பேசினார், எதைக் கடைசியில் பேசினார் என்று தெரியவில்லை. திருப்பிக் கூப்பிட்டால் அவர் போன் அணைந்து கிடந்தது. திறந்ததைத் திறந்த வரிசையில் கேட்டோம்.

"முழுசா இல்லீங்க, பாதிதான்."

"கத்தி மட்டும் வெக்கக் கூடாதுங்க."

"தலை நல்லா உருண்டையா இருக்குதுங்க. மூணு கிலோ. பார்த்தீங்கன்னா கையை உட்டு இறக்க மாட்டீங்க."

"மழை பேஞ்சுதாமா? நீல ரிப்பன் கட்டுனதையெல்லாம் உடனே திருகி உடுங்க."

மாமா நாலையும் இன்னொருதரம் கேட்டார். "சாமி, தெளிவாத்தான் சொல்றா. கத்தி வெக்காம கையாலயே திருகிப் பறிக்கோணும். எல்லாத்தையும் இல்ல, பாதிய. அந்த மூணு கிலோ கோசு எதுன்னுதான் தெரியல."

முப்பது கோஸைத் திருகிப் பறித்தோம். எஸ்டேட் தராசைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக எடை போட்டும் பார்த்தோம். எதுவும் மூன்று கிலோ வரவில்லை. மாமாவுக்கு மனசே ஆறவில்லை.

செவ்வாய்க்கிழமை தோட்டத்தில் மிச்சம் நின்ற முப்பதும் மழைத் தண்ணீரைக் குடித்துக் குடித்து, ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் அக்கா வந்தார். தோட்டத்தைப் பார்த்தார். பிறகு வெடித்த கோஸ் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து, மண்ணோடு அரைத் திருகு திருகிக் காட்டினார். சடசடவென்று வேர் அறுந்தது.

"பாதின்னா பாதித் திருகுங்க. கொஞ்சம் வேரு அறுந்தா தண்ணி ஏறாது. தண்ணி ஏறலீன்னா வெடிக்காது. வெள்ளிக்கிழமை வரைக்கும் செடியிலயே நிக்கும்."

மாமா கீழே கிடந்த நீல ரிப்பன்களைப் பொறுக்கிச் சுருட்ட ஆரம்பித்தார்.

"சரி, கொளந்தையப் பத்திச் சொன்னதையாச்சும் கேட்டீங்களா?"

"எப்ப சொன்ன?" என்றார் மாமா.

"தலை உருண்டையா இருக்குது, மூணு கிலோன்னு சொன்னேனில்லீங்க?"

மாமா தராசைத் திரும்பிப் பார்த்தார். "அது... கோசு இல்லியா?"

அக்கா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகிறார் என்று பயந்து கிட்டே போனேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பையனா, புள்ளையா?" என்று கேட்டார். "பேத்திங்க," என்றார் அக்கா.

அதற்குப் பிறகு நடந்தது முழுக்க அக்காவின் கைவேலை. வெடித்ததையெல்லாம் அறுத்து, வியாழக்கிழமைச் சமையலுக்கே கிளியூருக்கு அனுப்பினார். அரிந்து வாணலியில் போட்டால் வெடித்தது எது, வெடிக்காதது எது? பறித்த முப்பதையும் மேல் இலை உரிக்காமல், ஒன்றோடொன்று படாமல், கொட்டகையில் வைக்கோல் மேல் அடுக்கினார். மலைக் குளிரில் வெள்ளிக்கிழமை காலைவரை ஒரு இலை வாடவில்லை.

கல்யாணப் பந்தியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அக்கா பொரியல் வாளியோடு வந்தார். எதிர் இலைக்காரர், "கோசு நொம்ப நல்லாருக்குதுங்க, உங்க தோட்டமா?" என்றார்.

"தோட்டம் நம்முதுங்க. பறிச்சது இந்த ரைட்டர் சாரு, எம் தம்பியாட்ட. கத்தியே வெக்காம, அத்தனையும் கையாலயே பறிச்சாரு," என்று சொல்லிவிட்டு, கேட்காமலே என் இலையில் இரண்டாவது கரண்டி வைத்தார். முகத்தில் சிரிப்புக்கான அறிகுறியே இல்லை.

இப்போது எனக்குச் சேலத்தில் வேலை. மனசு சரியில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் குப்பனூர் வழியாக மலையேறும் பஸ்ஸில் ஏறிவிடுகிறேன். அக்கா பேச ஆரம்பிப்பார். பாதி எனக்குப் புரியாது. புரியாவிட்டால் என்ன, கடைசி பஸ் வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பேன்.