மறந்துவிட வேண்டிய ரோஜா

நேற்று மதியம் வேலைக்குக் கிளம்பும்போது பார்த்துவிட்டுப் போன மொட்டுகள் இன்று காலை இல்லை.

ஜூலியானா முகம்கூடக் கழுவாமல், வீட்டு வாசலில் சின்னக் குகை போலக் கட்டியிருந்த மாதா கெபியின் முன் குந்தி உட்கார்ந்து தேடினாள். வெறும் காம்புகள் நின்றன. நகத்தால் கிள்ளியது போல அத்தனை ஒழுங்கு. இலைகளில் ஒரு கீறல்கூட இல்லை.

"கொரங்கா இருக்கும், ஜூலி," வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தாயம்மா சொன்னாள். "செம்பனைத் தோட்டத்துக்குள்ளருந்து கூட்டமா வருதுங்க. என் பப்பாளில ஒன்னு மிச்சம் வைக்கல."

"கொரங்கு இவ்ளோ நேக்கா கிள்ளுமாக்கா?"

"இந்தக் காலத்துக் கொரங்கு லா. அதுவும் படிச்சிருக்கும்."

தாயம்மாவின் கையில் சாமிக்குப் பூப்பறிக்கும் கூடை இருந்தது. அதற்குள் ஏதோ இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. ஜூலியானா எட்டிப் பார்ப்பதற்குள் தாயம்மா உள்ளே போய்விட்டாள்.

அந்தச் செடிகளை ஜூலியானா தம்பின் நகரத்துச் சந்தையில் வாங்கினாள். உயரமாக வளராமல், பாய் விரித்தது போலத் தரையிலேயே படரும் ரோஜா. கொத்துக் கொத்தாகச் சின்னப் பூக்கள். "ஒரு வேலையும் இல்லக்கா, நட்டுட்டு மறந்துருங்க," என்றான் விற்றவன். ரோஜாவைவிட அந்தச் சொல்தான் அவளுக்குப் பிடித்துப்போனது. எதையாவது மறக்கலாம் என்று இதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை. மாமியாரின் மருந்து, கணவனின் சர்க்கரை, இரண்டு பெண்களின் பரீட்சைகள் எல்லாவற்றையும் அவளே ஞாபகம் வைத்திருந்தாள். இப்போது பெண்கள் சிங்கப்பூரில். போன் செய்தால், "நாங்க நல்லாத்தான் இருக்கோம், நீங்க சும்மா இருங்கம்மா," என்கிறார்கள். தான் தொடாமலே நன்றாக இருக்கும் ஒன்றைத் தினமும் கண்ணால் பார்த்துப் பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

ஆனால் அக்டோபர் வந்துவிட்டது. ஜெபமாலை மாதம். மாதா சுரூபம் ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டுக்குப் போகும். ஜூலியானா வீட்டு முறை சனிக்கிழமை. அவளுக்குச் செனவாங் கையுறைத் தொழிற்சாலையில் மதிய ஷிப்ட். திரும்பி வரப் பதினொரு மணியாகிவிடும். அதனால் மற்ற வீட்டு ஜெபங்கள் எதற்கும் போக முடியவில்லை. கணவன் யாகப்பன்தான் இருவருக்குமாகப் போய்ச் சுரூபத்தையும் வீடு வீடாகத் தூக்கிச் சென்றான். அவள் செய்ததெல்லாம், ஜெபக்குழுத் தலைவி பெட்ரிசியாவிடம் பெருமை பேசியதுதான். "எங்க கெபியச் சுத்திப் பாரு, ரோஸ் கலர்ல ஜமுக்காளம் விரிச்ச மாதிரி இருக்கும்."

செடி நட்ட அன்றே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "மாதா நம்ம வீட்டுக்கு வர்ற வரைக்கும் இதுல யாரும் கை வைக்கக் கூடாது." யாகப்பன் தலையாட்டினான். தாயம்மாவுக்கும் கேட்கட்டும் என்று இரண்டாவது முறையும் சொன்னாள்.

நேராகக் கேட்டிருக்கலாம். "அக்கா, நீங்க பறிக்கிறீங்களா?" மூன்று சொல். ஆனால் ரந்தாவ் தோட்டத்து லயத்து வீடுகளை இடித்தபோது இந்தத் தாமான் குடியிருப்புக்கு ஒரே லாரியில் சாமான் ஏற்றி வந்தவர்கள் அவர்கள். ஜூலியானாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது கஞ்சி காய்ச்சி ஊட்டியவள் தாயம்மா. கேட்டு, இல்லை என்று வந்தால் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது? ஆமாம் என்று வந்தால் அதைவிடக் கஷ்டம்.

அன்று மதியம் சாப்பிட வந்த யாகப்பனிடம் விசாரித்தாள். அவன் பள்ளி வேன் ஓட்டுபவன். இருட்டோடு கிளம்பிவிடுவான்.

"ஏங்க, காலையில செடிகிட்ட யாரையாச்சும் பாத்தீங்களா?"

"நா யாரையும் பாக்கலயே."

"கையில என்னா பிளாஸ்டரு?"

"வேன் கதவு இடிச்சிருச்சு."

"ரெண்டு வெரல்லயுமா? பாத்துத் தொறங்க," என்று பழைய பிளாஸ்டரைப் பிரித்துப் புதிது ஒட்டிவிட்டாள். பாவம், தன் கவலையில் இந்த மனிதனைக் கவனிக்காமல் விட்டோமே என்றிருந்தது.

மறுநாளும் காம்புகள்தான் இருந்தன. ஜூலியானா ஒரு பொய்யைத் தயார் செய்தாள்.

"அக்கா, செடிக்குப் பூச்சி மருந்து அடிச்சிருக்கேன். பயங்கர வெசமாம். தொட்டா கை வெந்துருமாம்."

"ஐயையோ!" தாயம்மா பதறினாள். "என் பூனை அங்கதானே படுக்குது!"

ஜூலியானா வேலைக்குப் போனதும் தாயம்மா வேலி வழியாக ரப்பர் குழாயை நீட்டி, விஷம் போகட்டும் என்று செடிகளைக் கழுவு கழுவென்று கழுவினாள். மறுநாள் காலை மண் கரைந்து வேர்கள் வெளியே தெரிந்தன.

ஜூலியானா வேர்களுக்கு மண் அணைத்து, செடிகளின் மேல் வலையைக் கட்டினாள். அன்று மாலையே வலையில் பூனை மாட்டிக்கொண்டது. தாயம்மா கத்தரிக்கோலால் வலையை வெட்டினாள். எது வலை, எது கிளை என்று அவளுக்குத் தெரியவில்லை. பூனை பிழைத்தது.

"ஒன்னும் நெனச்சிக்காத ஜூலி, உசுரு பாரு," என்றாள் ஷிப்ட் முடிந்து வந்தவளிடம்.

"பரவால்லக்கா," என்றாள் ஜூலியானா. இரவு படுத்துக்கொண்டு யோசித்தாள். பறிக்கிறவள் இப்படி மன்னிப்புக் கேட்பாளா? அல்லது பறிக்கிறவள்தான் இப்படிக் கேட்பாளா? நல்ல மனசோடு திருட முடியுமா? சாமிக்கு என்றால் அது திருட்டே இல்லையோ? எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் தாயம்மாவின் கூடை வந்து நின்றது.

கடைசியில் நல்ல வழி ஒன்று தோன்றியது. பசாருக்குப் போய் மல்லிகையும் சாமந்தியும் வாங்கி வந்து தாயம்மாவிடம் நீட்டினாள்.

"இனிமே உங்க சாமிக்குப் பூ நான் வாங்கித் தரேன். நீங்க எங்கயும் போய்ப் பறிக்க வேணாம்."

தாயம்மாவின் கண்கள் கலங்கிவிட்டன. "பெத்த புள்ளைங்ககூட எனக்கு இப்படி நெனைக்கல ஜூலி. உன் சாமிக்கு நான் என்னா செய்வேன்?"

"ஒன்னும் செய்யாதீங்கக்கா. தயவுசெஞ்சி."

அன்பு கேட்குமா? மறுநாள் ஜூலியானா ஷிப்டிலிருந்து வந்தபோது கெபியைச் சுற்றி நாற்றம் தூக்கியது. தாயம்மா தன் கோழிக்கூண்டிலிருந்து ஈரம் காயாத எருவை அள்ளி, ஒரு செடி விடாமல் வேரிலேயே கொட்டியிருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் இலைகள் தீய்ந்து சுருண்டன. மறந்துவிட வேண்டிய செடியைத் தவிர ஜூலியானாவுக்கு வேறு எதுவும் ஞாபகம் இல்லை. தொழிற்சாலையில் கையுறைப் பெட்டிகளுக்குத் தப்பான லேபிள் ஒட்டி, சூப்பர்வைசரிடம் ஏச்சும் வாங்கினாள்.

ஓரத்தில் ஒரே ஒரு செடி தப்பியிருந்தது. அதில் ஒரு கொத்து மொட்டுகள். இதுவாவது போதும் மாதாவே என்று சிலுவை போட்டுக்கொண்டு படுத்தாள்.

சனிக்கிழமை காலை அதுவும் இல்லை.

ஜூலியானா அன்று லீவு போட்டிருந்தாள். எதை எடுத்தாலும் இரண்டு ரிங்கிட் என்று விற்கும் ரெண்டு வெள்ளிக் கடைக்கு நடந்து போய், பை நிறையப் பிளாஸ்டிக் ரோஜா வாங்கி வந்து, கருகிய கிளைகளில் ஒவ்வொன்றாகக் கம்பியால் கட்டினாள்.

"நானும் புடிக்கட்டா?" என்று யாகப்பன் கேட்டான். அவன் முகம் என்னவோ போலிருந்தது.

"வேணாம். உங்க கையே புண்ணு."

மாலையில் பாட்டுச் சத்தம் தெருமுனையில் கேட்டது. தாயம்மா குளித்து, புதுப்புடவை கட்டி, ஒரு தட்டோடு வந்து ஜூலியானாவின் பக்கத்தில் நின்றாள். தட்டில் இளஞ்சிவப்புப் பூக்கள். ஜூலியானா குனிந்து பார்த்தாள். அரளி.

"எங்க பின்கட்டு அரளி. தெனம் சாமிக்கு இதைத்தான் பறிக்கிறேன்," என்றாள் தாயம்மா. "உன் மாதாவுக்கு இத வைக்கலாமா, ஜூலி?"

"வைக்கலாங்க்கா," என்றாள். தாயம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்படியானால் யார்?

யாகப்பன் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வாசலில் நுழைந்தான். மாதாவின் காலடியில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருந்தது. அதில் ஒரு கொத்துச் சின்ன ரோஜாக்கள். அவன் சுரூபத்தைக் கெபியில் வைத்துவிட்டு, பிளாஸ்டர் ஒட்டிய கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு, போர்ச்சில் இருந்த விளக்கை முதன்முறையாகப் பார்ப்பவன் போலப் பார்த்தான்.

பின்னால் வந்த பெட்ரிசியா கெபியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஜூலியானாவின் காதருகே குனிந்து கேட்டாள்:

"இந்த வாரம் பூரா அண்ணன்கிட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் மாதாவுக்கு நல்ல ரோஜாவா குடுத்தனுப்புனியே ஜூலி, உன் வீட்டுக்கு மட்டும் ஏன் பிளாஸ்டிக்கு?"