சுல்பானிக்குச் சூரியனை வழங்கிய விழா

சூரியனை உலகுக்குக் கொடுத்தது யார் என்ற பழைய சர்ச்சை முடிந்துவிட்டது. பொலிவியாவின் மேட்டு நிலத்தில், சுல்பானி கிராமத்துச் சுகாதார நிலையச் சுவரில் பதித்த கல்வெட்டு அதைச் சந்தேகமறச் சொல்கிறது: "இந்தச் சூரிய ஒளி மாண்புமிகு ஆளுநரால் இவ்வூர் மக்களுக்கு வழங்கப்பட்டது." அதற்கு முன் ஊரில் பகல் எப்படி இருந்தது என்று கல்வெட்டு சொல்லவில்லை.

கொடை என்னவோ கூரை மேல் எட்டு சோலார் தகடுகளும், அவற்றால் ஓடும் ஒரு தடுப்பூசி ஃபிரிட்ஜும்தான். அந்த ஃபிரிட்ஜுக்காக நர்ஸ் பொர்துனாத்தா பதினோரு வருஷம் மனு எழுதியவள். விழாக்கள் மட்டும் நான்கு நடந்தன. மேயர் ஒருமுறை திறந்தார், சுகாதாரத் துறை ஒருமுறை, ஆளுநர் ஒருமுறை. அன்று போட்டோ சரியாக விழாததால், மறுபடியும் ஆளுநர்.

விழா என்றால் 'சல்லா' இல்லாமலா? வீடோ லாரியோ, புதிதாக எது வந்தாலும் அதன் மேல் பீர் ஊற்றி, பூவிதழும் வண்ணக் காகிதத் துணுக்கும் தூவி, பூமித்தாய் பச்சமாமாவுக்குப் பங்கு கொடுத்துவிட வேண்டும். தூவியதைக் கையால் எடுக்கக் கூடாது. காற்றுதான் கொண்டுபோக வேண்டும். நான்கு விழாக்களின் பீரில் தகடுகளோடு ஒட்டிய காகிதத்தைக் காற்று எங்கே கொண்டுபோவது? தகடுகள் வெயிலைப் பார்த்தே நாளாயிற்று. ஃபிரிட்ஜ் நின்றது. போன மாதம் முப்பத்தேழு பிள்ளைகளுக்கான தட்டம்மை ஊசி மருந்து கெட்டு, குழிக்குள் போயிற்று.

புதிய மருந்து செவ்வாய்க்கிழமை ஐஸ் பெட்டியில் வந்தது. பிள்ளைகள் மேய்ச்சல் வெளியிலிருந்து வியாழக்கிழமைதான் வருவார்கள். ஐஸ் சாயங்காலம் வரை தாங்கினால் பெரிது. அதே லாரியில் ஆளுநரின் பிரதிநிதி டாக்டர் அயாவிரியும் வந்து இறங்கினார், ஐந்தாவது விழாவுக்காக. முந்தைய நான்கு விழாக்களும் 'சீரும் சிறப்புமாக' நடந்ததைக் கொண்டாடும் விழா அது.

பொர்துனாத்தா வாளியும் துடைப்பமுமாக ஏணியில் கால் வைத்தாள்.

"இறங்கும்மா! என்ன பண்றே?"

"தகட்டைக் கழுவுறேன் டாக்டர். வெயில் பட்டாத்தானே ஃபிரிட்ஜ் ஓடும்?"

"ஆளுநர் கையால தூவின பூம்மா அது! கூட்டித் தள்ளினா பச்சமாமா சும்மா விடுவாளா?"

சுகாதாரக் குழுத் தலைவி சபீனா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பச்சமாமா பீர் கேப்பா, தெரியும் டாக்டர். ஊசி மருந்துமா கேட்டா? போன மாசம் மொத்தத்தையும் அவளுக்குத்தானே புதைச்சோம்?"

"நம்ம கலாச்சாரத்தை மதிக்கக் கத்துக்கோங்க," என்றார், நகரத்தை விட்டு நான்கு நாள் சேர்ந்தாற்போல் வெளியே தங்கியறியாத அயாவிரி.

பொர்துனாத்தா ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்தாள். பாதி தண்ணீர். மூடியை அறைந்து சாத்தினாள். ஆனால் முகத்தில் திடீரென்று பணிவு வந்து உட்கார்ந்தது.

"தப்புதான் டாக்டர், மன்னிச்சிடுங்க. நீங்களும் ஊருக்குப் புதுசாச்சே! உங்களுக்கு இன்னும் சல்லா பண்ணலையே!"

சபீனாவுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பீர் பாட்டிலைக் குலுக்கித் திறந்து அவர் தலையில் கவிழ்த்தாள். பொர்துனாத்தா இரண்டு கை நிறையக் காகிதத் துணுக்கை அள்ளி முகத்தில் அப்பினாள். மேளக்காரர்கள் வாசித்தார்கள். ஊர் கைதட்டியது.

"உரையை ஆரம்பிங்க டாக்டர்."

"ஒண்ணுமே தெரியலையேம்மா!" அவர் கைக்குட்டையைத் தேடினார்.

"ஐயையோ, துடைக்காதீங்க! காத்து வந்து எடுத்துக்கும். தகடுங்க ரெண்டு மாசமாப் பொறுத்துக்கிட்டு இருக்கே, உங்களால ரெண்டு நிமிஷம் முடியாதா?"

முடியவில்லை. கண் எரிச்சல் தாங்காமல், ஊரே பார்க்க, கலாச்சாரத்தை அழுத்தித் துடைத்தார் அயாவிரி. சபீனா வாளியை எடுத்துப் பொர்துனாத்தாவிடம் நீட்டினாள். மூன்று மணிக்கு ஃபிரிட்ஜ் உறுமத் தொடங்கியது.

வியாழக்கிழமை முப்பத்தாறு பிள்ளைகள் வந்தார்கள். முப்பத்தேழாவது பிள்ளை மேய்ச்சல் வெளியில் தட்டம்மையோடு படுத்திருந்தது.

சூரியனைக் கொடுத்தவர் ஆளுநர்தான் என்று இப்போது பொர்துனாத்தாவும் ஒப்புக்கொள்கிறாள். கொடுத்த சூரியனை இரண்டு மாதம் மறைத்து வைத்தவர் யார் என்று கல்வெட்டில் இன்னொரு வரியும் வெட்டச் சொல்லி, மனு எழுதியிருக்கிறாள்.