அரை மணி நேரக் குளியல்

"முதல்ல மாட்டியிருந்தது நல்லா இருந்துச்சா, இப்போ மாட்டினது நல்லா இருக்கா?"

பாத்ரூம் கதவில் காதை வைத்துக்கொண்டு கண்ணாடிக்கடைக்காரர் கேட்டார். கடைக்கு வருகிறவர்கள் மூக்கின்மேல் கண்ணாடியை மாற்றி மாற்றி வைத்து இதே கேள்வியைக் கேட்டுப் பழகிய வாய்.

"நல்லா இருக்காவா? தலையில போட்ட ஷாம்பு அப்படியே நிக்குது! ஒரு பக்கெட் தண்ணி கொண்டு வாங்க முதல்ல!" உள்ளேயிருந்து மனைவி கத்தினாள்.

பக்கெட்டுக்கு ஓடினார் மனிதர்.

எல்லாம் ஆசையில் வந்த வினை. மனைவி நர்ஸ். நாள் முழுக்க வார்டில் நின்ற கால்களோடு வீட்டுக்கு வந்து, நேரே பாத்ரூமுக்குள் போவாள். ஷவரில் தண்ணீர் நூல் மாதிரிதான் வரும். அரை மணி நேரம் ஆகும். ஆனால் வெளியே வரும்போது முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும் பாருங்கள், அந்தச் சிரிப்புக்காகக் கண்ணாடிக்கடைக்காரர் சொத்தையே எழுதி வைப்பார்.

'இந்தச் சொட்டுத் தண்ணிக்கே இந்தச் சிரிப்புன்னா, கொட்டுற தண்ணிக்கு எப்படிச் சிரிப்பா?' என்று யோசித்தார். யோசித்ததோடு விட்டிருக்கலாம். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு ஷவரை வாங்கி மாட்டிவிட்டார். ஏற்கெனவே தயங்கித் தயங்கி வந்த தண்ணீர், அத்தனை பெரிய தட்டுக்குள் போய் வழி தெரியாமல் நின்று, நடுவில் மட்டும் சொட்டியது.

மறுநாள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஷவர் வாங்கிய கடைக்குப் போனார்.

"என்னங்க, கண்ணைப் பார்க்காமலே கண்ணாடி குடுத்த மாதிரி குடுத்துட்டீங்க!"

"டேங்க் எங்க சார் இருக்கு?" என்றார் ஷவர் கடைக்காரர்.

"பாத்ரூமுக்கு நேர் மேல."

"அவ்வளவு கிட்டயா? அப்போ தண்ணிக்கு வேகம் இருக்காது சார். ஓட்டை குறைஞ்சதா, சின்னதா போடுங்க. வர்ற தண்ணி சுள்ளுனு வரும்."

சொன்னபடியே வந்தது. மாட்டிய அன்று சாயங்காலம் மனைவி பத்தே நிமிஷத்தில் வெளியே வந்தாள். வந்ததும் வராததுமாக மகள் வீட்டுப்பாட நோட்டை நீட்டினாள். மாமனார் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கையை நீட்டினார்.

"எப்படிம்மா இருந்துச்சு?" என்று கண்ணாடிக்கடைக்காரரும் தன் பங்குக்குக் கேள்வியை நீட்டினார்.

"ம்... சீக்கிரம் முடிஞ்சிருச்சு" என்றாள். சிரிப்பைக் காணோம்.

'சீக்கிரம் முடிஞ்சும் சிரிக்கலைன்னா, இன்னும் வேகம் பத்தலை' என்று அவருடைய மூளை தீர்ப்பு எழுதியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்து டேங்க் பக்கத்தில் ஒரு மோட்டாரை வைத்துவிட்டுப் போனார்.

மோட்டார் உறுமியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. உள்ளே போன வேகத்தில் மனைவி தோளைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஏங்க, என் மேல ஏதாவது கோபமா?"

"ஏம்மா அப்படிக் கேக்குற?"

"இத்தனை வருஷமா நான் ஊருக்கே போட்ட ஊசியெல்லாம் சேர்த்து வச்சு, இன்னிக்கு என் முதுகுல போட்டுட்டீங்களே!"

அதற்கப்புறம்தான் வீட்டில் இடி விழுந்தது. மனைவி வீட்டில் குளிப்பதையே நிறுத்திவிட்டாள். ஈரத் தலையோடு வந்து, "ஆஸ்பத்திரியிலேயே குளிச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு நேரே சமையலறைக்குப் போனாள். கரண்டி கொஞ்சம் கூடுதலாகவே சத்தம் போட்டது.

கண்ணாடிக்கடைக்காரர் பாத்ரூமுக்குள் போய் ஷவரை அண்ணாந்து பார்த்தார். நல்லது செய்யப் போய், வீட்டில் இருந்த ஒரே சிரிப்பையும் துரத்திவிட்டோமே! ஷவரையா, மோட்டாரையா, எதை மாற்றினால் அது திரும்பி வரும்?

காலிங் பெல் அடித்தது. கீழ்வீட்டு அக்கா நின்றிருந்தாள். முகம் சரியில்லை. போச்சு, மோட்டார் பஞ்சாயத்து!

"அக்கா, சத்தம்தானே? மன்னிச்சுக்கங்க. அவ நிம்மதியா குளிக்கட்டுமேன்னுதான்..."

அக்கா சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"தம்பி, உங்க வீட்டம்மா எங்க அரை மணி நேரம் குளிச்சுது? பத்து நிமிஷம் குளிச்சுட்டு, மிச்ச நேரம் தண்ணியைச் சொட்ட விட்டுட்டு போன்ல துப்பறியும் தொடர்கதையில்ல கேட்டுட்டிருந்துச்சு. தயவுசெஞ்சு அந்தப் பழைய ஷவரையே மாட்டிருங்க, கீழ ஜன்னலோரமா நின்னு கேட்டுட்டிருந்த எனக்கும் கொலைகாரன் யாருன்னு தெரியாம மண்டை வெடிக்குது!"