நுரை சார் தந்த ஒரே லீவு

கண்ணுக்கே தெரியாத கோடிக்கணக்கான பேரை வேலைக்கு வைத்துக்கொண்டு, ஒருவருக்கும் ஒரு நாள்கூட லீவு தராத கொடுங்கோலர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் நுரை சார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் துணியிலிருந்து கஞ்சியை நீக்கும் என்ஸைம் தயாரித்த சின்னக் கம்பெனியில் நான் ஸ்டோர் கீப்பர். என்ஸைமைச் சுரப்பவை பாக்டீரியாக்கள். மற்றவர்கள் தொட்டியை நிரப்பி, அவற்றை வளர்த்து, வடித்து, கழுவி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். எங்கள் தொட்டிக்குப் பொறுப்பான சாருக்கு அது ஆகாது. "வளந்து வேலை செய்ற நேரத்துல வடிச்சுக் கொட்டுறதா? அநியாயம்யா!" என்பார். அவர் தொட்டியில் ஒரு பக்கம் மாவுக் கரைசல் சொட்டும். அதே வேகத்தில் மறுபக்கம் சரக்கு வெளியேறும். நிறுத்தவே கூடாது. அது பொங்கி வழியும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பிடிப்பதால் சட்டையில் எந்நேரமும் நுரை. பெயர் அப்படி வந்தது.

தின்றுவிட்டுச் சும்மா இருக்கும் கிருமிகள் நாளாக ஆகப் பெருகிவிடுமாம். அதனால் அடிக்கடி கண்ணாடித் தட்டுகளில் வளர்த்துப் பார்த்து, நன்றாகச் சுரப்பதை மட்டும் பொறுக்கி எடுப்பார்.

"இன்னிக்கு இன்டர்வியூல யாரு சார் பாஸு?" என்பான் ஆபரேட்டர் டில்லி.

"அந்த ஓரத் தட்டு. நல்ல உழைப்பாளி" என்பார் சார், சிரிக்காமல்.

ஒருமுறை கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் செய்தது. காற்று போகாவிட்டால் உள்ளே இருப்பவை செத்துவிடும். சார் ஹைவேக்கு ஓடி, பஞ்சர் கடைக்காரரை டீசல் கம்ப்ரஸரோடு இழுத்து வந்துவிட்டார்.

"எந்த வண்டி சார்?"

"வண்டி இல்ல. இந்தத் தொட்டி."

"இன்னா நைனா, இதுல டயரே இல்லியே!"

"முதல்ல காத்து அடிய்யா!"

இந்தக் கூத்துகளில் முதலாளிக்குப் பொறுமை போனது. "ஆயுத பூஜை தாண்டியும் நிக்காம ஓடினா உங்க வழி. நின்னா பழைய முறைதான், நீங்க வேற எடம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். எந்த மிஷினும் ஓடாத நாளைப் பார்த்துக் கெடு வைத்த மனிதரை என்ன சொல்ல!

டில்லி மன்றாடினான். "ஓடற மிஷினுக்குப் பொட்டு வெச்சா சாமி குத்தம் சார். கொஞ்ச நேரம் நிறுத்திக்கலாம்."

"சாமி கேட்டா என்னைக் கை காட்டு. தொட்டி நிக்காது."

பூஜையன்று காலை, குளித்து வேட்டி மாற்றிவர சார் ஐயப்பன்தாங்கலில் இருந்த வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது தொட்டி கல்யாணப் பெண்ணாக நின்றது. வாழைக்கன்று, சாமந்தி மாலை எல்லாம் சரி, தொட்டிக்குக் காற்று அடிக்கும் பம்ப்பும் நின்றிருந்தது. காற்று நுழையும் ஃபில்டரின் வாயில் கெட்டியாகச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"பக்தியாத்தான் சார் வெச்சேன்" என்றான் டில்லி. சாரின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

சார் புது வேட்டியின் முனையால் சந்தனத்தை வழித்தார். வேறு ஃபில்டர் மாட்டி, பம்ப்பைப் போட்டார். ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

"உசுரோட கீதுங்களா சார்?"

"பேசாம இரு."

கடைசியில், "நீந்துதுங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்து முதலாளி கற்பூரத் தட்டோடு உள்ளே வந்தார். வழித்த சந்தனமும் டில்லியின் கண்ணீரும் அவர் கண்ணில் படாமல் இருக்குமா?

"யாரு நிறுத்தினது?"

டில்லி வாயைத் திறப்பதற்குள் சார் முந்திக்கொண்டார். "நான்தான். பண்டிகை நாளாச்சே, அதுங்களுக்கும் ஒரு லீவு குடுக்கலாம்னு..."

முதலாளி சந்தனம் அப்பிய வேட்டியைப் பார்த்தார், டில்லியைப் பார்த்தார். "நீங்க? லீவு?" என்றார். பிறகு தட்டை நீட்டினார். "பொட்டு வெச்சுக்குங்க. அது ஓடட்டும்."

அவ்வளவு மோசமான பொய்யை அதற்குப் பிறகு நான் கேட்டதே இல்லை. சொன்னவரை இன்றைக்கும் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.