சிவப்புக்கு இடமில்லாத வீடு

"கழட்டுங்க மாப்பிள்ளை, ஒரு நிமிஷத்துல அலசிப் போட்டுடறேன்" என்றார் மாமியார் லோயிஸ்.

ரோலண்டின் நீல ஸ்வெட்டரில் மார்பில் தொடங்கி வயிறு வரை வான்கோழிக் குழம்பு வழிந்துகொண்டிருந்தது. தப்பு யாருடையது என்று சொல்ல முடியாது. அந்த வீட்டில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்து, டிவியில் டெட்ராய்ட் அணி ஆடும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் இடைவேளைக்குள் முடிந்தாக வேண்டும். ஜெபம், வான்கோழி, உருளைக்கிழங்கு மசியல், மூன்று வகைக் காய், எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கால் மணி நேரம். அந்த ஓட்டத்தில் குழம்புக் கிண்ணம் யார் மேலாவது கவிழ்வது வருஷா வருஷம் நடப்பதுதான்.

"பரவாயில்லை அத்தை. காஞ்சுடும்."

"காஞ்சா கறை போகாது. கழட்டுங்க."

"எனக்குக் குளிருது."

"நெத்தியில வேர்வை ஊத்துது, குளிருதாம்" என்றான் எதிரே உட்கார்ந்திருந்த மச்சான் கர்ட். மற்ற நாட்களில் பக்கத்து வீடு தீப்பிடித்தாலும் கவனிக்காதவன் அவன். ரோலண்டின் விஷயம் என்றால் மட்டும் கண் கூர்மையாகிவிடும்.

ஸ்வெட்டரைக் கழற்ற ரோலண்டுக்கு ஆட்சேபணை இல்லை. அதற்கு அடியில் இருந்த சட்டைதான் பிரச்சினை. அது சிவப்பு. சாதாரணச் சிவப்பு இல்லை, ஒஹையோ கல்லூரி அணியின் சிவப்பு.

இது மிச்சிகன். நாளை மறுநாள் சனிக்கிழமை, ஆன் ஆர்பர் மைதானத்தில், மிச்சிகன் கல்லூரிக்கும் ஒஹையோ கல்லூரிக்கும் ஆட்டம். அந்த வாரம் முழுக்க மாமனார் கெரிட்டின் வீட்டுக்குள் சிவப்பாக எதுவும் வரக் கூடாது. லோயிஸ் செய்யும் சிவந்த க்ரான்பெர்ரி சாஸ்கூட மூடி போட்ட நீலக் கிண்ணத்தில்தான் மேஜைக்கு வரும், சாப்பிடுகிறவர்கள் மூடியைப் பாதி திறந்து கரண்டியை விட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். ரோலண்டின் கார் சிவப்பு என்பதால் அதை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டுப் பனியில் நடந்து வந்திருந்தான்.

இவ்வளவுக்கும் ரோலண்ட் பிறந்தது, படித்தது எல்லாம் ஒஹையோவில். அது எல்லோருக்கும் தெரியும். பதினாறு வருடங்களுக்கு முன் ஜோலினைப் பெண் கேட்டு வந்தபோது, கெரிட் ஒரு பழைய பந்தைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்து, அதன் மேல் கை வைத்து ஒஹையோவைத் தலைமுழுகுவதாகச் சத்தியம் செய்யச் சொன்னார். ரோலண்ட் செய்தான். பொய்ச் சத்தியம். காதலுக்காகச் சொல்லும் பொய்யைக் கடவுள் மன்னிப்பார், கெரிட்தான் மன்னிக்க மாட்டார்.

அன்றிலிருந்து வருடத்துக்கு ஒரு வாரம், சட்டைக்கு அடியில் சட்டையாக அந்தச் சிவப்பு அவனோடு இருந்தது. ஆட்டம் முடிந்ததும் சுருட்டிக் கார் டிக்கியில் கருவிப் பெட்டிக்குள் ஒளித்துவிடுவான். அடுத்த வருடம் எடுக்கும்போது கொஞ்சம்கூட வேர்வை நாற்றம் இருக்காது. நல்ல துணி என்று நினைத்துக்கொள்வான். போன வருடம் அது நைந்து கிழிந்துவிட்டதால், கல்லூரி நண்பன் ஒருவன் புதிதாக ஒன்று வாங்கி அனுப்பியிருந்தான். இன்னும் ஒரு தடவைகூடத் தண்ணீர் பார்க்காதது.

"சரி, நான் மேல போய் மாத்திட்டு வரேன்" என்று ரோலண்ட் எழுந்தான்.

"உட்காருங்க மாப்பிள்ளை" என்றார் கெரிட். "ஒரு விஷயம் சொல்லணும். இடைவேளை முடிய நாலு நிமிஷம்தான் இருக்கு."

ரோலண்ட் குழம்போடு உட்கார்ந்தான்.

"எனக்கு எழுபத்தொன்பது ஆகுது. மைதானத்துப் படி ஏற முட்டி ஒத்துழைக்கல. நம்ம ரெண்டு சீட்டையும் இந்த வருஷம் மாப்பிள்ளை பேருக்கு மாத்திடலாம்னு இருக்கேன். ஆட்டம் முடிஞ்சு ஆப்பிள் பை சாப்பிடறப்போ டிக்கெட்டைக் கையில குடுத்துடறேன்."

மேஜையில் ஒரு முள்கரண்டி விழுந்தது. அது கர்ட்டுடையது.

அந்த இரண்டு இருக்கைகள் சாதாரணப்பட்டவை அல்ல. நாற்பத்தேழாவது வரிசை, நடுக்கோட்டுக்கு நேர் எதிரே. லோயிஸின் அப்பா காலத்திலிருந்து வருடா வருடம் புதுப்பிக்கப்பட்டு வருகின்றன. ஒஹையோ இங்கே ஆட வரும்போது வெளியூர்க்காரனுக்கு அப்படி ஓர் இடம் ஏழு ஜென்மத்துக்கும் கிடைக்காது. ரோலண்டுக்கு அந்த இருக்கை வேண்டும் என்ற ஆசை எவ்வளவோ, அவ்வளவு வெட்கமும் இருந்தது.

"அப்பா, நான் உங்க பிள்ளை" என்றான் கர்ட்.

"தெரியும்."

"இவன் ஒஹையோக்காரன்."

"சத்தியம் பண்ணியிருக்கார்."

"தாத்தாவும் இப்படித்தான் பண்ணார். ரெண்டு ஆம்பளைப் பசங்க இருக்கிறப்போ, மாப்பிள்ளைன்னு உங்க கையில குடுத்தார். மாமாங்க ரெண்டு பேரும் அதுக்கப்புறம் இந்த வீட்டு வாசப்படி மிதிக்கல."

கெரிட் வாயைத் துடைத்துக்கொண்டார். "இந்த சீட்டு ரத்தத்தைப் பார்த்துப் போறதில்லடா. மனசைப் பார்த்துப் போறது."

இதைச் சொல்லும்போது அவர் குரல் லேசாகத் தழுதழுத்தது. கெரிட்டின் பக்தி அப்படி. மிச்சிகன் தோற்ற வருடங்களில் மைதானத்திலிருந்து வந்ததும் யாரோடும் பேசாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளேயிருந்து விசும்பல் மாதிரி ஏதோ கேட்கும். துக்கத்தில் இருக்கிறார் என்று வீடே அடங்கிக் கிடக்கும்.

ரோலண்ட் குளியலறைக்கு ஓடினான். சிவப்புச் சட்டையைக் கழற்றி, மாமனாரின் நீல பனியன் ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஸ்வெட்டரைக் கதவிடுக்கு வழியாக லோயிஸிடம் நீட்டினான். ஒரு பிரச்சினை தீர்ந்தது. கையில் சிவப்புச் சட்டை மிச்சம் இருந்தது.

காருக்குக் கொண்டுபோகலாம் என்றால் கார் அடுத்த தெருவில். வாசலில் கர்ட், வான்கோழி பொரித்த எண்ணெய்ச் சட்டி ஆறுவதற்காகக் காவல் நின்றுகொண்டு, ஜன்னல் வழியாக டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்கதவைப் பனி அடைத்திருந்தது. ரோலண்ட் சட்டையைப் பனியனுக்குள் திணித்துக்கொண்டான்.

"என்ன, அதுக்குள்ள தொப்பை போட்டுடுச்சு?" என்றாள் எதிரே வந்த ஜோலின்.

"சாப்பாடு நல்லா இருந்தது."

"நீ சாப்பிடவே இல்லையே" என்று சொல்லிவிட்டு அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

கீழே நிலவறை இருந்தது. அங்கே ஒரு மூலையில் துணி துவைக்கும் இயந்திரம். ஒற்றை ஸ்வெட்டரை அத்தை கையாலேயே அலசிவிடுவார், பண்டிகை நாளில் மெஷினை யார் போடப் போகிறார்கள் என்று ரோலண்ட் நினைத்தான். சட்டையை அதற்குள் போட்டு, வட்டக் கதவைச் சாத்தி, நிம்மதியாக மேலே வந்து உட்கார்ந்தான். டெட்ராய்ட் நாலு புள்ளி பின்தங்கியிருந்தது. அவனுக்கு உலகமே அழகாகத் தெரிந்தது.

கடைசிக் கால் பகுதி தொடங்கி ரொம்ப நேரம் கழித்துத்தான் லோயிஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்க ஸ்வெட்டர் சுத்துது மாப்பிள்ளை. கூடவே சனிக்கிழமைக்கு உள்ள மூணு மஞ்சள் சட்டையையும் போட்டுட்டேன்."

"எங்க, அத்தை?"

"எங்கன்னா, மெஷின்லதான்."

நீலமும் மஞ்சளும் மிச்சிகனின் நிறங்கள், மஞ்சள் சட்டைகள் என்றால் மிச்சிகன் சட்டைகள். ஒன்று கர்ட்டுடையது, ஒன்று ரோலண்டுடையது, ஒன்று கெரிட்டுடையது. கெரிட்டின் சட்டைக்கு வயது முப்பது. அணி ஜெயித்த வருடமெல்லாம் அவர் போட்டிருந்தது அதைத்தான் என்பது குடும்ப வரலாறு. மாற்று கிடையாது, மாற்றவும் மாட்டார்.

"பாத்ரூம்" என்று சொல்லிவிட்டு ரோலண்ட் எழுந்தான்.

"இப்பவா? ரெண்டு நிமிஷம்தான் பாக்கி" என்றார் கெரிட், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நிலவறையில் இயந்திரம் ஆனந்தமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடி வழியே பார்த்தான். உள்ளே நுரை ரோஜா நிறத்தில் இருந்தது. கதவை இழுத்தான், பூட்டிக்கொண்டிருந்தது. நிறுத்துகிற பொத்தான் என்று நினைத்து ஒன்றை அமுக்கினான். தண்ணீர் இன்னும் சூடாயிற்று. இன்னொன்றை அமுக்கினான். இருபது நிமிடம் கூடுதலாக ஓடப்போவதாக அது அறிவித்தது. நுரை ரோஜாவிலிருந்து தக்காளிக்குப் போயிற்று. பிளக்கைப் பிடுங்கலாம் என்றால் இயந்திரத்துக்குப் பின்னால் கையே நுழையவில்லை.

சுவரில் மின்சாரப் பெட்டி இருந்தது. இருபது சுவிட்சுகள். பக்கத்தில் கெரிட் என்றோ பென்சிலால் எழுதியதெல்லாம் அழிந்திருந்தது. ரோலண்ட் குத்துமதிப்பாக ஒன்றைத் தட்டினான்.

இயந்திரம் சுற்றிக்கொண்டே இருந்தது. மேலே டிவி சத்தம் நின்றது.

அடுத்த கணம் கூரை அதிர்ந்தது.

"கோட்டைத் தொட நாலு கஜம்தான் இருந்தது" என்று கர்ட் கத்தினான். "கடைசி வாய்ப்பு, பந்து கையை விட்டு மேல போயாச்சு, இப்போ போய் டிவி நிக்குது பாரு."

"பந்து என்ன ஆச்சு?" என்றது கெரிட்டின் குரல்.

"எனக்கென்ன தெரியும்? டிவி அணையறப்போ காத்துல இருந்தது."

ரோலண்ட் பதறி, தட்டிய சுவிட்சைத் தேடி, கிடைக்காமல், அடுத்ததைத் தட்டினான். மேலே அடுப்பறை விளக்கும் போனது. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று மேலே இருந்த பெரிய சுவிட்சை இழுத்துவிட்டான். வீடு முழுக்க இருண்டது. இயந்திரம் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் அதன் பூட்டு 'டக்' என்று விட்டுக்கொடுத்தது.

கதவைத் திறந்தான். உள்ளே இருந்த தண்ணீர் மொத்தமும் அவன் காலில் கொட்டியது. கையை விட்டுத் துழாவிச் சிவப்புச் சட்டையை இழுத்தான். அது கர்ட்டின் சட்டையோடு பின்னிக்கொண்டு வந்தது. கர்ட்டின் சட்டையின் கை கெரிட்டின் சட்டையைக் கட்டிப்பிடித்திருந்தது. மேலே இருந்த சின்ன ஜன்னலின் பனி வெளிச்சத்தில் நிறம் தெரிந்தது. மூன்று மஞ்சள் சட்டைகளும் மாம்பழம் அழுகினால் வருகிற நிறத்தில் இருந்தன. முப்பது வருடச் சட்டை மற்ற இரண்டையும்விட மோசம்.

ரோலண்டுக்கு அழுகை வந்தது. டிக்கெட் போனது, சரி. ஆனால் பதினாறு வருடமாகத் தன்னை நம்பி, பெற்ற பிள்ளையைத் தள்ளிவிட்டுத் தன் கையில் கொடுக்க நினைத்த மனுஷர் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தபோதுதான் அவனுக்கு நிஜமாகவே வலித்தது.

படிக்கட்டில் டார்ச் வெளிச்சம் இறங்கி வந்தது. அதற்குப் பின்னால் லோயிஸ்.

வெளிச்சம் தரைத் தண்ணீரில் பட்டது, நனைந்த காலுறையில் பட்டது, மூன்று பாழான சட்டைகளில் பட்டது, கடைசியில் அவன் கையில் சொட்டிக்கொண்டிருந்த சிவப்பில் வந்து நின்றது.

"அத்தை, நான் எல்லாத்தையும் சொல்லிடறேன்" என்றான் ரோலண்ட்.

மேலேயிருந்து கர்ட் கூப்பிட்டான்.

"அம்மா, அங்க என்ன? நான் வரட்டுமா?"

"வேண்டாம்டா. ஃப்யூஸ் போயிடுச்சு. மாப்பிள்ளை பார்த்துட்டிருக்கார்."

"மாப்பிள்ளையைச் சீக்கிரம் வரச் சொல்லு" என்றது கெரிட்டின் குரல். "டிக்கெட் உறை எடுத்து வச்சுட்டேன்."

லோயிஸ் டார்ச்சை இயந்திரத்தின் மேல் வைத்தார். சுவர் அலமாரியைத் திறந்து, மேல் தட்டில் போர்வைகளுக்குப் பின்னால் கையை விட்டு, நாலைந்து மஞ்சள் சட்டைகளை எடுத்தார். எல்லாம் புதியவை. அவற்றில் ஒன்று மட்டும், கெரிட்டின் அளவு, கழுத்துப் பட்டியில் கத்தரிக்கோலால் சுரண்டி முப்பது வருடம் பழையது மாதிரி ஆக்கப்பட்டிருந்தது.

பிறகு ரோலண்டின் கையிலிருந்த சிவப்புச் சட்டையை வாங்கிப் பிழிந்து, உதறி, குழந்தையின் சட்டையை மடிப்பதுபோல் மடித்துக்கொண்டே, எரிச்சலோடு சொன்னார்:

"எங்கப்பாவோட சிவப்புச் சட்டையை எங்கம்மா யாருக்கும் தெரியாம தனியாத் துவைச்சாங்க, உங்க மாமனாரோடதை நான் தனியாத் துவைக்கிறேன், உங்களோடதை ஜோலின் பதினாறு வருஷமா தனியாத் துவைச்சு அந்தக் கருவிப் பெட்டியிலேயே வச்சுட்டு வரா, அவ கையில குடுக்கறதை விட்டுட்டு உங்களை யாரு மெஷின்ல போடச் சொன்னது?"