கடுகளவு மெழுகு

"சோப்புத் தண்ணி போட்டுமா போகல?" ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்டாள் மனைவி.

"போகல" என்றார் நூலகர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

மச்சானின் கறுப்புக் கார். அதன் பானெட்டில், டம்ளர் அடியளவுக்கு மங்கலாக ஒரு வட்டம். மனைவியின் அண்ணன் ஒரு வாரம் வெளியூர் போகும்போது காரை இவர்கள் வாசலில் நிறுத்திவிட்டு, "மாப்பிள்ளை, வண்டி மேல ஒரு விரல் படக்கூடாது. பட்டா எனக்குத் தெரிஞ்சிடும்" என்று எச்சரித்துவிட்டுத்தான் டாக்சி ஏறியிருந்தார். அவரை வழியனுப்பும்போது நூலகர் கையில் டீ டம்ளர் இருந்தது. அதை எங்கே வைத்தோம் என்று மண்டையை உடைத்துக்கொண்டும் ஞாபகம் வரவில்லை.

இன்று சாயங்காலம் மச்சான் திரும்பி வருகிறார்.

"பேசாம விட்டுடுங்க. அண்ணன் கவனிக்க மாட்டாரு."

"உங்க அண்ணனா? அவரு கொசு உட்கார்ந்த இடத்தையே கண்டுபிடிப்பாரு."

அதோடு, நூலகப் புத்தகத்தில் பென்சில் கோடு கண்டாலே சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு ரப்பரைத் தேடும் ரகம் இவர். கறையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க இவரால் ஆகாது.

வாசல் அலமாரியில், மச்சான் காரோடு விட்டுப்போன பாலிஷ் மெழுகு டப்பா இருந்தது. வெளிநாட்டுச் சரக்கு.

"ஐயோ, அதைத் தொடாதீங்க! குறைஞ்சிருந்தா கேட்பாரு."

"கடுகளவுதான் எடுப்பேன். டப்பாவுக்கே தெரியாது."

டப்பாவில் பொடி எழுத்தில் இருந்ததையெல்லாம் ஒரு வரி விடாமல் படித்தார். பாத்திரம் தேய்க்கும் புது ஸ்பாஞ்சில் மென்மையான பக்கத்தைத் தீப்பெட்டி அளவுக்கு வெட்டினார். பெரிய ஸ்பாஞ்சு மெழுகைத் தானே குடித்துவிடுமாம். அதை லேசாக ஈரமாக்கி, ஓரத்தில் துளி மெழுகைத் தொட்டு, கறை மேல் மெல்லிசாக இழுத்தார். புகை படிந்தாற்போல் காய்ந்ததும் பழைய பனியனால் துடைத்தார்.

வட்டம் போயே போய்விட்டது!

"பாத்தியா?" என்று மார்பை நிமிர்த்தினார்.

மனைவி கிட்டே வந்து பார்த்தாள். "முன்னாடி மங்கலா ஒரு வட்டம் இருந்துச்சு. இப்ப பளபளன்னு ஒரு வட்டம் இருக்கு."

உண்மைதான். அந்த இடத்தில் மட்டும் நூலகரின் மீசை முடி முடியாகத் தெரிந்தது. சுற்றிலும் இருந்த பானெட் கரிச்சட்டி போல இருந்தது.

வேறு வழியில்லை, பானெட் முழுக்கப் போட்டார். ஒரு தொடலில் எவ்வளவு தூரம் இழுக்க முடியுமோ அவ்வளவு தூரம் இழுத்தார். பானெட் ஜொலித்தது. பக்கத்தில் கதவுகள் அழுது வடிந்தன.

"முகத்துக்கு மட்டும் பவுடர் போட்டுக் கழுத்தை மறந்த மாதிரி இருக்குங்க."

கதவுகளுக்கும் தூசியைக் கழுவிவிட்டுப் போட்டார். பிறகு கூரை எடுப்பாகத் தெரியவில்லை என்று ஸ்டூல் மேல் ஏறினார். நடுவில் ஒரு துளி தரையில் விழுந்தது. அதைத் திரும்ப எடுத்துத் தேய்த்தால் மண் பட்டுக் கீறிவிடும். வீணாக்கவும் மனசு கேட்கவில்லை. வழித்தெடுத்து கேட்டின் கீலில் தடவினார். வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்த கேட் வாயை மூடிக்கொண்டது.

பின்பக்கத்தையும் முடித்து இறங்கியபோது, கார் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. டப்பாவில் லேசான பள்ளம்தான். அதையும் ஸ்பூனின் முதுகால் தடவிச் சமமாக்கினார்.

"ஒரு காரு முழுக்கப் போட்டும் டப்பா அப்படியே இருக்கு! என்னை மாதிரி எவனாவது செய்வானா?"

"செய்ய மாட்டான். ஆனா இப்ப அண்ணன் வந்து, ஒரு விரலும் படாத வண்டி எப்படி இப்படி மின்னுதுன்னு கேட்டா?"

நூலகர் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தூசி!" என்று திடீரென்று துள்ளி எழுந்தார். "ஒரு வாரத் தூசி வேணும்!"

இருவரும் ஓடினார்கள். மனைவி கால்மிதியை எடுத்து வந்து கார் மேல் உதறினாள். இவர் பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கி அதன் மூடியைத் தட்டினார். தூசி அழகாகப் பறந்து வந்து கூரையில் இறங்கியது. இறங்கிய வேகத்தில் சறுக்குமரம் விளையாடிக்கொண்டு தரைக்குப் போய்விட்டது.

"ஒட்டவே மாட்டேங்குதே!"

"தண்ணி தெளிங்க, ஒட்டும்!"

தெளித்தார். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டது. மிச்சமிருந்த தூசியையும் கூட்டிக்கொண்டு உருண்டு ஓடியது. கார் முன்னைவிடப் பளிச்சென்று ஆனது. மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் கால்மிதியால் வாயைப் பொத்தி, உடனே தும்மினாள்.

அந்தத் தும்மலோடு தும்மலாக டாக்சி வந்து நின்றது.

மச்சான் இறங்கினார். கூடவே அவருடைய ஆபீஸ் நண்பர், இரண்டு கையிலும் பெட்டியோடு. மச்சான் காரை ஒரு சுற்றுச் சுற்றினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடியும் ஒரு சுற்று. டப்பாவைத் திறந்து பார்த்தார். மூடினார்.

"மாப்பிள்ளை, வண்டியத் தொட்டீங்களா?"

"ஐயையோ, விரல்கூடப் படல மச்சான்!" என்றார் நூலகர். முழங்கை வரை மெழுகு, தலையில் ஒட்டடை, தோளில் பனியன்.

"நீங்க சொன்னா சரிதான்" என்று மச்சான் சாவியைக் கையில் எடுத்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

நண்பர் பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு, பானெட்டில் தன் முகத்தைப் பார்த்துத் தலையை வாரிக்கொண்டு, நூலகர் பக்கம் ஆசையாகத் திரும்பினார்.

"சார், அடுத்த வாரம் நான் ஊருக்குப் போறேன், என் வண்டியையும் இங்கயே விடட்டுமா? நீங்க பானெட்டுல டம்ளரை வெச்சதை இவரு டாக்சியிலேருந்தே பார்த்துட்டாராமே. என் வண்டிக்குக் கறையை நானே போட்டு எடுத்துட்டு வந்துடறேன்!"